அருள்ராஜுக்காக நின்ற வண்டிகள்

ஓவேலி சாலையில் யானை அருள்ராஜின் பார்சல் வண்டியைப் புரட்டிப் போட்ட அன்று, அதற்குச் சற்று முன்புதான் அவன் கூடலூர் கிடங்குக்கு போன் செய்து கெஞ்சியிருந்தான். மேலே யானை நிற்கிறது, வனத்துறையினர் எச்சரிக்கிறார்கள், மீதியை நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றான். ஒப்பந்தக்காரர் தேவநேசன் கேட்கவில்லை.

"இன்னிக்குக் குடுக்கலீன்னா கம்பெனி உன்ற ஐடிய முடக்கிரும். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத."

இருட்டும் நேரத்தில் அருள்ராஜ் போனான். வண்டிக்கடியில் சிக்கிய இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த தேவநேசன் கட்டிலருகே நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். பிறகு, அந்த நேரத்தில் அருள்ராஜ் வேலையில் இருந்ததாகக் கம்பெனியின் போன் செயலி காட்டவில்லை, அதனால் கம்பெனி கைவிரித்துவிட்டது என்றார். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த ஜூடித்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓவேலியில் பாதி தூரம் சிக்னல் கிடையாது. சிக்னல் போனால், ஆள் வேலையில் இல்லை என்று செயலி கழற்றிவிடும். இது தேவநேசனுக்குத் தெரியாததல்ல.

அந்தக் கிடங்கில் வண்டி ஓட்டிய ஒரே பெண் ஜூடித். நாடுகாணி பக்கத்துப் பார்சல்கள் அவளுடையவை. எஸ்டேட் ஃபேக்டரி மூடியபோது கணவன் பிராங்ளின் வேலை தேடித் திருப்பூருக்குப் போனான். இவளை, ஒரே திருச்சபை என்பதால், தேவநேசன் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை கிடங்கு வாசலில் அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னிக்கு அருள்ராஜு, நாளைக்கு நம்மள்ல யாரோ. அவன் நம்ம வேலையில அடிபட்டான்னு ஒத்துக்கோணும். யானை நிக்கிற ரோட்டுக்கு அந்தி சாஞ்சு அனுப்பக் கூடாது. அதுவரைக்கும் வண்டிய எடுக்க வேண்டாம்."

சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். ஏழு பேர் சேர்ந்தார்கள். கையெழுத்துப் போடாதவர்களும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். மழையில் வண்டிகள் வரிசையாக நனைந்தன. உள்ளே பார்சல்கள் ஆளுயரத்துக்கு ஏறின. அருள்ராஜின் மனைவி தேவி, கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, எல்லோருக்கும் ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நா சாகுற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க்கா" என்று அழுதாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேவநேசன் ஜூடித்தின் வீட்டுக்கே வந்தார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கொற வெச்சேன்?"

"எனக்கு ஒண்ணும் வெக்கலீங்க அங்கிள். அருள்ராஜ வேலையில இருந்தான்னு சொல்லிருங்க. நாளைக்கே வண்டிய எடுக்கறோம்."

"சொன்னா கம்பெனி என்ற காண்ட்ராக்ட எடுத்துரும். நானும் உங்கள மாதிரிதான், அவங்க கைல இருக்கறேன்."

"அப்ப எங்ககூட வந்து நில்லுங்க."

அவர் சிரித்தார். காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

குன்னூர் தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். ஜூடித்தும் ஞானசீலன் என்ற ஓட்டுநரும் பஸ்ஸில் போனார்கள். அருள்ராஜ் தேவநேசனின் காரில் வந்து இறங்கியதைப் பார்த்தபோது ஜூடித்துக்குத் துணுக்கென்றது. நடக்க முடியாதவன், வேறெப்படி வருவான் என்று தேற்றிக்கொண்டாள்.

அதிகாரி அம்மா அவனிடம்தான் முதலில் கேட்டார். அருள்ராஜ் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நா அன்னிக்கு வேலையில இல்லீங்க மேடம். அத்தை ஊட்டுக்குப் போயிட்டிருந்தேனுங்க."

"வண்டி நெறய பார்சல வெச்சுட்டு அத்தை ஊட்டுக்கா?" ஜூடித் எழுந்துவிட்டாள். "அருள்ராஜு, என்னப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. அதிகாரி அம்மா மறுபடியும் இரண்டு தடவை நிதானமாகக் கேட்டார். அதே பதில். "அடிபட்டவரே இப்படிச் சொன்னா நான் என்னம்மா பண்றது?" என்று ஜூடித்திடம் வருத்தமாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரிச் செலவைத் தேவநேசன் ஏற்றுக்கொண்டதும், கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னதும் பிறகுதான் தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில் ஞானசீலன் பைக்காரா தாண்டியதும், "யாருக்காகங்க்கா நின்னோம்?" என்றான். மறுநாள் காலை அவன் வண்டியை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். ஜூடித்தின் ஐடி மட்டும் திறக்கவில்லை.

கிடங்குக்குப் போய்க் கேட்டாள். மேசைக்குப் பின்னால் அருள்ராஜ் உட்கார்ந்து பார்சல்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தான்.

"உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க்கா."

"நீ சொல்றியா, அவரு சொல்றாரா?"

"என்ற கால அறுத்து எடுக்கோணும்னாங்க அக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் காப்பாத்தலாம்னாங்க. நீங்களா கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

அவன் சொன்னது சரிதான் என்பதுதான் அவளை அதிகமாக எரித்தது. திரும்பி நடந்தாள்.

பிறகு அவள் சேரங்கோடு பக்கம் எஸ்டேட் ஆட்களை ஏற்றும் ஜீப்பை ஓட்டினாள். சபையில் தேவநேசன் உட்காரும் பக்கம் பார்ப்பதை விட்டாள். வெயில் காலம் வருவதற்குள் கம்பெனி தேவநேசனையும் கழற்றிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த புது ஒப்பந்தக்காரர் பழைய ஓட்டுநர்களை வைத்துக்கொண்டார். நொண்டி நடப்பவன் தேவையில்லை என்று அருள்ராஜை அனுப்பிவிட்டார்.

ஒருநாள் தேவி ஜீப்பைத் தேடி வந்து முன்சீட்டில் ஏறினாள்.

"அக்கா, அந்தக் குன்னூர் ஆபீசுல மறுக்கா ஒருக்கா எழுதிக் குடுக்கலாமுங்களா? வேலையிலதான் அடிபட்டுச்சுன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அவன் வாயாலயே இல்லைன்னு சொல்லிட்டானே, தேவி."

"தெரியாமப் பண்ணிட்டாருங்க."

"தெரிஞ்சுதான் பண்ணினான். இப்ப நான் போயி, அன்னிக்கு அவன் பொய் சொன்னான்னு சொல்லோணுமா?"

தேவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஜூடித்துக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று எழுந்தது. நல்லா வேணும் என்று மனசு சொன்னது. அடுத்த நொடியே, தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை.

"இங்கயே எறங்கிக்கறேனுங்க்கா" என்றாள் தேவி. அவள் இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. ஜூடித் வண்டியை நிறுத்தினாள். தேவி இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். பின்சீட்டிலிருந்து யாரோ, "போலாமுங்களா?" என்று கேட்கும்வரை ஜூடித் கியரில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.