சாயங்காலக் கட்டம்

அந்தச் சின்ன கிளினிக்கில் நர்ஸுக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். ஐந்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டினால் ஐந்தேகாலுக்குப் பஸ்ஸில் இருப்பாள். அவ்வளவு கச்சிதம் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே எத்தனை டிகிரி என்று காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். கடிகாரம் காலையில் வந்ததுமே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவாள். காலையில் நாலு என்றால் சாயங்காலம் ஐந்து. எப்போதும் நாலே இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதா? பொய்யிலும் அப்படியொரு நறுவிசு.

அன்று காலை ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்கவில்லை. ப்ளக் சுவரிலிருந்து பாதி கழன்று தொங்கியது. எட்டைத் தாண்டினாலே மருந்து கெட்டுப்போகும். தெர்மாமீட்டர் பதினாறு காட்டியது.

டாக்டரம்மா பதறிக்கொண்டு வந்தார். முந்தின நாள் நாலு மணிக்கு மூன்று குழந்தைகளுக்கு அந்த மருந்தைப் போட்டிருந்தார்கள். ஒன்று கடிகாரத்தின் அண்ணன் மகள். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தவளும் கடிகாரம்தான். தெர்மாமீட்டர் கண்ணெதிரேதான் இருந்தது. எழுதியாகிவிட்டதே, எதற்குப் பார்ப்பது?

டாக்டரம்மா தாளில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நல்லவேளை சிஸ்டர். நேத்து சாயங்காலம் அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ ராத்திரிதான் கழண்டிருக்கு. பிள்ளைங்களுக்குப் போட்டது நல்ல மருந்துதான். நீங்க எழுதினா நான் திரும்பப் பார்க்கவே வேண்டாம்.”

கடிகாரத்துக்கு முகம் சுட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் மருந்து நேற்றே கெட்டிருந்தால் அந்த மூன்று பிள்ளைகளும் ஊசி போட்டும் போடாத பிள்ளைகளாகவே வளரும். பெற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதியை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அதை நான் காலையிலேயே எழுதிட்டேன் மேடம்.”

“எதை?”

“சாயங்காலத்தை. தினமும் அப்படித்தான்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டாக்டரம்மா தாளை மெல்லப் பிரித்தெடுத்து, மடித்து, மேஜைக்குள் வைத்தார். பிறகு ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார். மறுபடி ஊசி போட வேண்டியிருக்கும், மூன்று வீட்டுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

முதல் நம்பர் அண்ணியுடையது. நீ இருக்கிற இடம் என்றுதான் இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்று நேற்றுகூடச் சொல்லிவிட்டுப் போனவள். ப்ளக் கழன்ற கதையைச் சொல்லும்வரை கடிகாரத்தின் நாக்கு சரளமாகவே ஓடியது. ப்ளக் தானாகக் கழன்றது, அவளா கழற்றினாள்?

அண்ணி குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“சரிம்மா, நம்ம பாப்பாவுக்கு எடுத்தப்போ எவ்வளவு இருந்துச்சு? நீதானே எடுத்தே, பார்த்திருப்பியே.”

கடிகாரம் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். தாள் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது.

“பார்க்கல அண்ணி.”

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது.