அரைப் படகு

எங்கள் காமிக்ஸ் கூட்டத்தில் நாலே பேர்தான். கூட்டம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் டெய்லர் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டுமேஜையில் கிடக்கும் துணிகளை ஒதுக்கி இடம் தருவார். பஸ் ஓட்டும் டிரைவர் தம்பி, நான், என் ஓரகத்தி ஆகிய மூவரும் அதைச் சுற்றி உட்காருவோம். மாதம் ஒரு புத்தகம், அதுவும் ஒரே பிரதி. அது கை மாறிக் கை மாறி எல்லாரிடமும் போய்வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். கடைசியாகப் படித்தவர் முதலில் பேச வேண்டும், முதலில் படித்தவர் கடைசியில்.

இந்தக் கூட்டத்தை ஆரம்பித்ததே என் ஓரகத்திதான். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அவர்தான் என் கையில் ஒரு கிராஃபிக் நாவலைத் திணித்து, "சமையலைப் பத்திப் பேசினா சண்டை வரும். இதைப் பத்திப் பேசலாம்" என்றார். பார்த்தால் சமையலைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. இதைப் பற்றித்தான் வந்தது.

போன மாதக் கூட்டத்தில் ஒரு துப்பறியும் கதை. கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகும் அக்காவுக்குப் பிடிபடவில்லை. எனக்கோ நாக்கில் சனி. "நீங்க பக்கத்தைத் தள்ளுறவங்கக்கா, படிக்கிறவங்க இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், "இன்னொரு தடவை நான் படிக்காமப் பேசுறேன்னு நீ சொல்ற மாதிரி ஆச்சுன்னா, அதோட நான் வரமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஒரே சமையலறையில் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. உப்பு டப்பா வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எனக்கு வாய் வராது, திட்டுவதற்கு மட்டும் நன்றாக வரும். ஒருநாள் அவர் ஜன்னலோரம் புத்தகமும் கையுமாக இருந்தபோது, இரண்டு ரொட்டித் துண்டில் ஜாம் தடவி, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். குற்ற உணர்ச்சியில் ஜாம் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது.

இந்த மாதப் புத்தகம் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றியது. ஆற்றில் பரிசல்துறை மாதிரி ஒரு துறை, அங்கே இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரே படகு. சண்டை முற்றி, ரம்பத்தை எடுத்துப் படகைக் குறுக்கே அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறார்கள். தம்பி தன் பாதியோடு அக்கரைக்குப் போய்விடுகிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இருவரும் கிழவர்கள், தையல் போட்ட மாதிரி நடுவில் ஒட்டுப்போட்ட படகில் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எப்படி ராசியானார்கள் என்று ஒரு படம் இல்லை.

டிரைவர் தம்பிக்கு அதுதான் பிடித்திருந்தது. "என்ன துணிச்சல் பாருங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நம்மகிட்டயே விட்டுட்டாரு. நான் ரெண்டு நாளா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அதையே யோசிச்சேன்" என்றார். பயணிகள் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம்.

டெய்லர் ஒத்துக்கொள்ளவில்லை. "தோள்பட்டை வெட்டாமச் சட்டை தைச்சு, மீதியை நீங்களே நினைச்சுக்குங்கன்னு நான் சொன்னா விடுவீங்களா?"

நான் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டேன். ஓவியருக்குச் சோம்பல், சமாதானத்தை வரையத் தெரியாதவர் சண்டையை மட்டும் வரைந்திருக்கிறார் என்று ஒரு பிரசங்கமே நடத்தினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

முதலில் படித்த அக்கா, கடைசியாகத் தன் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு பேரும் என்ன பேசுறீங்கன்னு எனக்குப் புரியல. அதுல எனக்குப் பிடிச்சதே அவங்க ராசியாகுற இடம்தான். மழை கொட்டுது. அண்ணன் தன்னோட பாதியைக் கோழிக்கூடா வெச்சிருக்கான். தம்பி அவனோட பாதியைத் தலையில கவுத்துக்கிட்டு, குடை மாதிரி, நனைஞ்சுக்கிட்டே வர்றான். கொண்டுவந்து அண்ணன் பாதிக்குப் பக்கத்துல வைக்கிறான். பொருந்திடுது. ஒரு வார்த்தை கிடையாது. நான் அழுதுட்டேன்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டிரைவர் தம்பி மெதுவாக, "அப்படி ஒரு இடம் இல்லையேக்கா" என்றார். டெய்லரும் தலையாட்டினார்.

அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பக்க எண் போடாத புத்தகம். முன்னால் போனார், பின்னால் வந்தார். ரம்பம் இருந்தது, அக்கரை இருந்தது, கிழவர்கள் இருந்தார்கள். மழை இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று பேருக்கு எதிராக ஒருத்தி எத்தனை தடவை புரட்டுவது? புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"நீ சொன்னது சரிதான் போலிருக்கு. நான் படிக்கிறவ இல்ல. நீங்க மூணு பேரும் நடத்துங்க."

அவர் கைப்பையை எடுக்க, நான் புத்தகத்தைப் பையில் வைக்க எடுத்தேன். எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. நாளெல்லாம் தாளை விசிறிப் பிரித்து மிஷினில் வைக்கிற கை. இரண்டு தாள் சேர்ந்து போனால் மிஷின் சிக்கிக்கொள்ளும், அதனால் கண்ணுக்குத் தெரியும் முன்பே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். அட்டை மாதிரித் தடித்த தாள்தான் இந்தப் புத்தகத்தில். ஆனால் அக்கரைக்கு அடுத்த தாள் மற்றதைவிடத் தடிப்பு. இதே விரலோடுதான் இதே புத்தகத்தை வாரம் முழுக்கப் புரட்டியிருக்கிறேன். கோபத்தில் புரட்டியதால் தெரியவில்லை. பக்கத்தைத் தள்ளியது யார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. பிரசங்கம் பிரமாதமாக இருந்ததே. அக்கா ஷட்டருக்கடியில் குனிந்துவிட்டார்.

"அக்கா, போகாதீங்க" என்றேன். "டெய்லரண்ணே, அயர்ன்ல ஆவி வருமா?"

டெய்லர் அயர்ன் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, படாமல், தாளின் ஓரத்தில் ஆவியைக் காட்டினார். நான் நகத்தை விட்டு மெல்ல நெம்பினேன். சருகு உடைகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு பக்கமும் பிரிந்தன.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி அரைப் படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். அண்ணன் கோழிகளை விரட்டிவிட்டு இடம் பண்ணினான். இரண்டு பாதியும் பொருந்தின. அதற்கு மேல், ஆற்றுக்கு நட்டநடுவில், சிவப்பாகக் காய்ந்த ஒரு பெரிய கறை.

டிரைவர் தம்பி குனிந்து மோந்து பார்த்தார். "ஜாம்" என்றார். "இதையா நான் துணிச்சல்னு சொன்னேன்?"

டெய்லர் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கவிழ்ந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, கன்னம் சிவந்துபோனார்.

"நீ ரொட்டி வெச்சிட்டுப் போனியே, அன்னிக்கு. சரியா இந்தப் பக்கம்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். படத்தைப் பாக்குறேன், தட்டைப் பாக்குறேன். அழுதுக்கிட்டே தின்னேன். கை எங்க பட்டுச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

அந்த ரொட்டியை அவர் கவனித்தாரா இல்லையா என்று ஒரு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தவள் நான்.

"அக்கா, நான் பேசினது தப்பு. நம்ம நாலு பேர்ல இந்தப் புத்தகத்தைப் படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

"படகைச் சுமந்துக்கிட்டு வந்தானே, அந்தத் தம்பி வாயைத் திறக்கவே இல்ல, பாத்தியா" என்றார் அக்கா, மறுபடியும் உட்கார்ந்துகொண்டே. "நீ பரவாயில்ல."

டெய்லர் சாக்கட்டியால் மேஜையைத் தட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தார்: இனிமேல் புத்தகம் கையில் இருக்கும்போது யாரும் எதையும் தின்னக் கூடாது. டிரைவர் தம்பி ஆதரித்துக் கையைத் தூக்கினார். எதிர்ப்பவர்கள் உண்டா என்று டெய்லர் கேட்டார்.

அக்கா கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.