நீல அல்லியின் கறுப்பு வளையம்

சாமுவேல் சீவினால் அல்லித்தண்டுகூட வெங்காயத் தோல் மாதிரி வரும். வேலூர்க் கல்லூரியில் இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவன் ஆய்வுக்கூடத்து எடுபிடி என்பதையும் கூடவே சொல்லி வைப்பார்கள். தாவரவியல் விரிவுரையாளர் சீனிவாசன் மட்டும் ஒரு படி மேலே போனார். வெள்ளல்லியையும் நீல அல்லியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையில், தன் பெயருக்குக் கீழே அவன் பெயரும் அச்சேறும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மாதனூர்த் தோல் பதனிடும் கிடங்கில் கூலி வேலை செய்தவர் மகனுக்கு அச்சில் பெயர்! 1931-இல் அது சின்ன விஷயமா? ஒரு வாரமாகச் சாமுவேலுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

மறுநாள் தபாலில் கட்டுரை சென்னைக்குப் போகவேண்டும். இரண்டு அல்லிக்கும் தண்டில் காற்றுக் குழல்கள் உண்டு. வெள்ளல்லி இலைக்கு அடியில் மென்மயிர் இருக்கும், நீலத்துக்கு இல்லை. இதெல்லாம் பலரும் எழுதியதுதான். ஆனால் நீல அல்லியின் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டியபோது ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. வெள்ளையில் அது இல்லை. இதுவரை யாரும் பார்க்காத வித்தியாசம் என்று சீனிவாசன் குதிக்காத குறை.

அன்று பிற்பகல், மிச்சம் கிடந்த வெள்ளல்லிக் காம்பு ஒன்றைச் சாமுவேல் சும்மா சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தான். அதிலும் கறுப்பு வளையம்.

கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். அப்பா தோல் சீவிய கத்தி, துருவேறிய பழைய இரும்பு. கல்லூரியில் தண்டு சீவ வைத்திருந்த சவரக்கத்தி வாய் மழுங்கிவிட்டதால் போன வாரம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளல்லியை அதற்கு முன்பே வெட்டி முடித்திருந்தான். நீலத்தை மட்டும் இந்தக் கத்தியால் வெட்டியிருந்தான். தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியைக் கொண்டுபோகக் கூடாது, பட்டைச்சாறு இரும்பில் பட்டால் தோல் கறுத்துவிடும் என்பது மாதனூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அல்லியிலும் அதே துவர்ப்புதான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! புதுச் சவரக்கத்தி ஒன்றை இரவல் வாங்கி நீல அல்லியை வெட்டினான். வளையம் இல்லை.

வாயை மூடிக்கொண்டால் பெயர் வரும், யாருக்கும் தெரியப்போவதில்லை. கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஆசையை விட மனசே வரவில்லை. ஆனாலும் ஒரு பொய்க்கு மேலே தன் பெயர் நிற்பதை நினைத்தால் கூசியது. கத்தியை எடுத்துக்கொண்டு சீனிவாசன் அறைக்குப் போனான்.

“சார், அந்த வளையம் அல்லியோடது இல்ல. இந்தக் கத்தியோடது.”

முழுவதையும் கேட்டதும் சீனிவாசனின் முகம் சுண்டிப்போனது. “தோல் கிடங்குல வளந்தவன்தானே நீ? இது உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். தெரிஞ்சதாலதான் இப்போ கண்டுபுடிச்சேன். முன்னாடியே தோணல, என் தப்புதான்.”

சீனிவாசன் கட்டுரையில் இரண்டு பக்கங்களைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். பெயர்கள் இருந்த இடத்தில் பேனா நின்றது. சாமுவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இனிஷியல் இல்லாம அச்சுல போட மாட்டாங்க,” என்றார், எரிச்சல் தணியாமலே. “உங்க அப்பா பேர் என்ன?”

அவரிடம் வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை.

“தனகோடி, சார்,” என்றான் சாமுவேல். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னான்.