பசை தின்றது யார்?

ஆமத்தூர் இருளம்மாள் வீட்டிலிருந்தபடியே பட்டாசுக் குழாய் சுற்றிக் கொடுப்பவள். காகிதத்தில் கிழங்குமாவுப் பசை தடவி, கம்பியில் உருட்டிக் காயவைக்க வேண்டும். 2006 ஆவணியில், சீசன் அவசரத்தில், வேளைக்கு வேளை காய்ச்சாமல் நாள் முழுமைக்கும் ஒரே சட்டியாகக் காய்ச்சத் தொடங்கினாள். அதிலிருந்து குழாய்கள் பிரிந்துகொண்டன. காலையில் கெட்டியாக இருந்த பசை மத்தியானத்துக்குள் கஞ்சித்தண்ணியானது. கம்பெனி ஏஜெண்ட் ரத்தினசாமி ஒரு மூட்டைக் குழாயைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். இருளம்மாள் மாவுக் கடைக்காரரை மூன்று நாள் வைதாள்.

மகள் வேல்விழிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விருதுநகர்க் கல்லூரியில் அவளுடைய எம்.ஃபில். ஆய்வே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளின் வகைப்பாடுதான். ஒரு வருடமாகக் கணினியில் வெறும் எழுத்துச் சரங்களாக மட்டுமே பார்த்த நொதி இப்போது வீட்டுச் சட்டிக்கே வந்திருக்கிறது. புதுக் கிருமி ஏதோ ஒன்றின் வேலை என்று முடிவுகட்டி, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

பசையில் அயோடின் சொட்டிப் பார்த்தாள். புதுப் பசை கருநீலமானது. மத்தியானப் பசை செம்பழுப்போடு நின்றது; அதிலிருந்த மாவுச்சத்தை ஏதோ உடைத்திருக்கிறது.

அம்மா விவரம் கேட்டாள். வேலையை வைத்து இந்த நொதிகளுக்கு உறவுமுறை சொல்ல முடியாது என்றாள் வேல்விழி. அமைப்பை வைத்துத்தான் குடும்பம் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; எச்சிலில் இருப்பது பதின்மூன்றாம் குடும்பம். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இருப்பதும் மாவைத்தான் உடைக்கிறது, ஆனால் அது பதினான்கு. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பதின்மூன்றுக்குள்ளேயே மாவுச்சத்துக்குக் கிளை கட்டித் தருகிறவையும் உண்டு.

"ஒரே குடும்பத்துல ஒருத்தன் கட்டுதான், ஒருத்தன் இடிக்கானா?"

"ஆதியில ஒரே வம்சம்மா. போகப்போகத் தொழில் மாறிப்போச்சு."

"அப்ப ஒங்க அப்பனும் பெரியப்பனும்னு சொல்லு," என்ற இருளம்மாள், ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் பிரித்தெடுத்தாள். அதே விரலைப் பசையில் விட்டாள்.

வேல்விழி அந்த விரலையே பார்த்தாள். கிருமியும் போயிற்று, பெயரும் போயிற்று.

மறுநாள் இரண்டு சட்டி வைத்தார்கள். ஒன்றுக்குப் பழைய வழக்கம். மற்றதற்கு விரல் நனைக்க ஈரத்துணி. பழைய வழக்கச் சட்டி மத்தியானமே நீர்த்துப்போனது; துணிச் சட்டி சாயங்காலம் வரை கெட்டியாகவே இருந்தது. இருளம்மாள் தான் வைத அந்த மாவுக் கடைக்கே போய், ஒன்றும் நடக்காதவள்போல மாவு வாங்கிவந்தாள்.

ரத்தினசாமி வந்தபோது அவளே சொன்னாள்: "மாவுல குத்தமில்ல. எல்லாம் என் வாயாலதேன்."

"அது ஊருக்கே தெரியுமேக்கா," என்றார் அவர்.

கோபிக்கத்தான் நினைத்தாள் இருளம்மாள். சிரிப்பு முந்திக்கொண்டது.