ஹுமாயூனின் முளைத்தட்டு

புத்தாண்டு பிறந்த பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பீடை. எங்கள் ஊர் ஹமதானில் அன்றைக்கு உட்கார ஒரு முழப் புல்தரை மிஞ்சாது. நாங்களும் கிளம்பினோம். நான் மட்டும் போகாமல் இருந்திருக்கலாம்.

காரில் முன் இருக்கை என்னுடையது. மருமகன் பஹ்மன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டே வருவேன். இந்த வருஷம் அங்கே ஹுமாயூன் உட்கார்ந்திருந்தான். என் மனைவி தூரானின் தாய்மாமன் மகன், பள்ளிக்கூட வாத்தியார். ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டவன். நான் கசாப்புக்காரன், என் பெயரைத் தவிர வேறு எழுதத் தெரியாது. அவள் அப்பா எனக்குத்தான் கொடுத்தார். அவளுக்கு யாரைப் பிடித்திருந்தது என்று நாற்பத்தாறு வருஷமாக நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயம்.

போன இலையுதிர் காலத்தில் அவன் மனைவி செத்துப்போனாள். தனியாக இருக்கிறான், கூப்பிடுவோம் என்றாள் தூரான். கூப்பிட்டாள்.

"அவருக்கு முழங்கால் வலிங்க. பின்னாடி மடக்கி உக்கார முடியாது."

"எனக்கு மட்டும் முழங்கால் இரும்பா?"

"நாக்குதான் இரும்பு."

மகள் மஹ்ரோக் சிரித்தாள். பஹ்மனும் சிரித்தான். சிரிக்கட்டும்.

எங்கள் முளைத்தட்டு வழக்கப்படி காரின் முன்மூடியில் கட்டியிருந்தது. தூரான் புத்தாண்டுக்குத் தட்டில் வளர்த்த கோதுமை, பச்சைப்பசேல் என்று நின்றது. ஹுமாயூன் தன் தட்டை மடியில் வைத்திருந்தான். அவனே ஊறவைத்து வளர்த்த பயறு. பாதி மஞ்சள், பாதி சாய்ந்து கிடந்தது. அதற்கொரு சிவப்பு ரிப்பன் வேறு.

அல்வந்த் மலையில் இன்னும் பனி இருந்தது. ஓடைக்கரையில் பாதாம் மரங்கள் பூத்திருந்தன. கம்பளத்தை விரித்தோம், தேநீருக்குச் சமோவாரை ஏற்றினோம், நான் கரி மூட்டினேன். ஹுமாயூன் குங்குமப்பூவும் தயிரும் போட்டு ஊறவைத்த கோழி கொண்டுவந்திருந்தான். நான் மோந்து பார்த்தேன்.

"எந்தக் கடையில வாங்கினே?"

"அதைக் கோழிகிட்டதான் கேக்கணும் சஃப்தர்."

எல்லோரும் சிரித்தார்கள். கோழியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சல். என் ஆட்டுக்கறியோ கருகிப்போனது. நாற்பது வருஷம் கறியோடு பழகியவன் கறியைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தூரான் லெட்டூஸ் இலையைப் புதினாப் பாகில் தோய்த்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தாள். அவன் ஏதோ கவிதையின் முதல் வரியைச் சொன்னான். இரண்டாம் வரியை அவள் முடித்தாள்.

அவளுக்குக் கவிதை தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் தட்டுகளை ஓடையில் விடப் போனோம். பதின்மூன்று நாள் வீட்டில் இருந்து அந்த வீட்டுப் பீடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் பயிர் அது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அடுத்தவர் தட்டைத் தொட்டால் அவர் வீட்டுப் பீடை தொட்டவருக்கு வரும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

எங்களுடையதைத் தூரானும் நானும் சேர்ந்து பிடித்து விட்டோம். ஹுமாயூன் மேட்டிலேயே நின்றான். கரை வழுக்கல், முழங்கால் மடங்கவில்லை. பஹ்மன் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வேறுபக்கம் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சாவு நடந்த வீட்டுத் தட்டை எவன் தொடுவான்?

தூரான் மேலே ஏறினாள்.

"குடுங்க அத்தான், நான் விட்டுடறேன்."

"அம்மா! தொடாதே!" என்று கத்தினாள் மஹ்ரோக்.

"வேணாம் தூரான்," என்றான் அவனும். ஆனாலும் தட்டைப் பின்னால் இழுக்கவில்லை. பார்த்தேன்.

அவள் கை நீண்டது. நான் எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது. தட்டு என் கையில் இருந்தது. வேர்கள் ஈரமாக விரலில் ஒட்டின.

ஹுமாயூன் தன் வெறுங்கையைப் பார்த்தான்.

"எங்க வீட்டுப் பீடை பூரா இப்ப உன் கையில சஃப்தர். எதுக்குய்யா?"

"அவ கையில போகக்கூடாது, அதுக்குத்தான்."

இறங்கிப் போய் வீசினேன். ரிப்பனோடு சுழன்று போயிற்று. மேலே வந்ததும் ஹுமாயூன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "மனுஷன்யா நீ," என்றான். மஹ்ரோக் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பஹ்மன்கூட மரியாதையாகப் பார்த்தான். நல்லவன் என்று நினைத்துவிட்டார்கள். அவனுக்காக அவள் கெட்டதைச் சுமக்கத் துணிந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுடைய பீடையைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கை கழுவ ஒதுங்கினேன். தூரான் கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"நான் பிடுங்கலேன்னா தொட்டிருப்பியா?"

"தொட்டிருப்பேன்."

யோசிக்கவே இல்லை அவள்.

"எனக்குன்னா?"

"உங்க வீட்டுத் தட்டை நாப்பத்தாறு வருஷமா யாரு தொடறா?"

இரண்டாவது பதில் நல்ல பதில்தான். ஆனால் முதலாவதுதான் காதில் நின்றது.

"அதை ஏன் அவ்வளவு வேகமாச் சொன்னே?"

"கையை நீட்டுங்க," என்றாள். "தண்ணி வீணாப் போகுது."