விழ மறுத்த சாத்தான்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் பாஸ்தொரேலா போடுவோம். இயேசு பிறந்த கதைதான். ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற நாடகம். இடையர்கள் பெத்லகேமுக்குக் கிளம்புவார்கள். சாப்பாடு, தூக்கம், ஊர்வம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சாத்தான் வழிமறிப்பான். கடைசியில் மிக்கேல் தூதர் மரவாளோடு வந்து அவனை அடித்து வீழ்த்துவார். இடையர்கள் குழந்தையைப் பார்க்கப் போவார்கள். நான் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு சோம்பேறி இடையனாக வருவேன். முக்கால்வாசி நேரம் மேடையில் படுத்துக் கிடப்பதுதான் என் வேஷம்.

சாத்தானாக வந்துகொண்டிருந்தவர் கிறிஸ்பின். கூரைகளுக்கு ஓடு வேய்கிறவர். மேடையில் நின்று யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யச் சாத்தானுக்கு உரிமை உண்டு. கிண்டலுக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கிண்டல் பாட்டுகளைக் கட்டிக் கொடுத்தவள் அவர் மனைவி தொமாசா.

ஒரு வருடம் கறிக்கடை எவரிஸ்தோவைப் பற்றிப் பாட்டுக் கட்டினாள். அவர் கடையில் கறி வாங்கினால் தராசில் அவர் கட்டைவிரலும் சேர்ந்து ஏறும் என்று கிறிஸ்பின் பாட, ஊரே கைதட்டியது. அந்த எவரிஸ்தோதான் மிக்கேல் தூதர். சண்டைக் காட்சியில் வாளைத் திருப்பிப் பிடித்து, கனமான கைப்பிடியால் கிறிஸ்பினின் முட்டியில் ஓங்கி அடித்தார். பிறகு மேடையிலிருந்து கீழே தள்ளினார். "என் காலு, என் காலு" என்று கிறிஸ்பின் கத்தக் கத்த, நடிப்பென்று நினைத்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொமாசா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி முகமூடியைக் கழற்றிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்த முட்டி அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கூரை ஏறும் பிழைப்பும் போயிற்று. "அவனாத்தான் வழுக்கி விழுந்தான்" என்று எவரிஸ்தோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தொமாசா அவர் கடைப்பக்கம் போவதை நிறுத்தினாள். கறிக்குப் பக்கத்து ஊருக்கு நடந்தாள். அடுத்த நவம்பரில் வேஷம் பிரிக்கும்போது, "சாத்தான் நான்" என்றாள்.

பாதிரியார் நிகாநோர் தயங்கினார். எவரிஸ்தோ சிரித்தார். "பொம்பளச் சாத்தானா? அப்ப எனக்கு வேலை சுலபம்."

ஒத்திகையில் அவர் வாளை நீட்டும் முன்பே பஞ்சு மூட்டை மாதிரி விழுந்தாள். எனக்கே எரிச்சலாக இருந்தது.

"ஏண்டி, எல்லாத்தையும் மறந்துட்டியா?"

"ஒத்திகையில விழுந்தா என்னக்கா போச்சு" என்றாள், பாவாடைப் புழுதியைத் தட்டிக்கொண்டே.

நாடகத்தன்று கிறிஸ்பின் முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். தொமாசா கொம்பும் வாலுமாக வந்து மேயரின் சாயம் பூசிய தலைமுடியைப் பாடினாள், மணியடிப்பவரின் குறட்டையைப் பாடினாள். எவரிஸ்தோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் நிம்மதியாகச் சிறகை விரித்துக்கொண்டு மேடை ஏறி வாளை வீசினார்.

அவள் விழவில்லை.

"அவ்வளவுதானா, தூதரே?"

கூட்டம் சிரித்தது. மறுபடி அடித்தார். அப்படியே நின்றாள்.

"கறி வெட்டற கையா இது? ஈ ஓட்டற மாதிரி இருக்கு."

எவரிஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டு, "விழுடி" என்று முணுமுணுத்தார்.

"விழச் சொல்லிக் கெஞ்சறாருங்க" என்று அவள் கூட்டத்துக்கு உரக்கச் சொன்னாள்.

சிரிப்பு இன்னும் கூடியது. அவர் முகம் சிவந்து வாளைத் தலைக்கு மேல் ஓங்கினார். அவள் பாவாடையை முட்டிவரை தூக்கி, முட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க அடிங்க. போன வருஷம் இங்கதானே அடிச்சீங்க?"

முற்றம் அடங்கிப் போயிற்று. ஓங்கிய வாள் அந்தரத்திலேயே நின்றது.

"கடவுளோட தூதர் பொய் சொல்லலாமா? என் புருஷன் வழுக்கி விழுந்தானா, நீங்க அடிச்சுத் தள்ளினீங்களா? வாயால சொல்லுங்க, விழறேன். இல்லன்னா இந்த வருஷம் கொழந்தை பொறக்காது."

திரைக்குப் பின்னாலிருந்து மாதாவாக வேஷம் கட்டிய பெண் தலையை நீட்டினாள். "நான் எவ்வளவு நேரந்தான் முட்டி போட்டுக்கிட்டே இருக்கறது?"

பாதிரியார் எழுந்தார். "தொமாசா, போதும். கதையை முடிம்மா."

"சாமியார் சொன்னதைச் சாத்தான் கேட்டா நல்லாவா இருக்கும், சாமி?"

அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ, "சொல்லித் தொலையேம்ப்பா, போஞ்சே ஆறுது" என்றார்கள். கொய்யாவும் கரும்பும் போட்ட அந்தச் சூடான பானம் அண்டாவில் காத்திருந்தது. ஜனங்கள் காலால் தரையைத் தட்டத் தொடங்கினார்கள்.

எவரிஸ்தோ இறங்கிப் போகப் படிக்கு வந்தார். படியில் குறுக்கே நான் படுத்திருந்தேன்.

"நகரு."

"நான் சோம்பேறிண்ணே. எந்திரிக்க மாட்டேன்" என்றேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர் உடைந்தார் என்று நினைக்கிறேன். தோள் தொங்கிப் போயிற்று.

"அடிச்சேன்" என்றார்.

"கேக்கல."

"அடிச்சேன்னு சொல்றேன்ல."

"வேணும்னேவா?"

வாளைக் கீழே போட்டுவிட்டு, "வேணும்னேதான். தள்ளியும் விட்டேன்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறகு கழன்று முதுகில் தொங்க, கோழி இறகுகள் மேடையில் உதிர்ந்துகொண்டிருந்தன.

தொமாசா அவசரப்படவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தன் வீட்டுக் கட்டிலில் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இடையர்கள் அவளைத் தாண்டிப் பெத்லகேமுக்குப் போனோம். பாட்டு யாருக்கும் சுருதி சேரவில்லை.

எவரிஸ்தோ போஞ்சே குடிக்க வரவில்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போகிறவர்கள், "கட்டைவிரலை எடுத்துட்டு நிறுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆரம்பித்தார்கள். ஈஸ்டருக்குள் கடையை மூடிவிட்டு உருவாப்பன் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்பினுக்குத்தான் கோபம். "என் சண்டைய நீ ஏன் போட்டே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கம்பை ஊணிக்கிட்டு மேடை ஏறியிருப்பேன்" என்று ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்வரை அவளோடு பேசவே இல்லை.

"மனசு ஆறிச்சாடி?" என்று அவளைக் கேட்டேன்.

"அவரு கால் சரியாயிடுச்சா, ஆறறதுக்கு? ஆனா அந்தாளு மூஞ்சிய நெனச்சா நல்லாத் தூக்கம் வருது."

இப்போதும் அவள்தான் சாத்தான். மிக்கேலாகப் பள்ளி வாத்தியார் ஒருவர் வருகிறார். ஒவ்வொரு அடிக்கும், "வலிக்கலியே, அக்கா?" என்று மெல்லக் கேட்கிறார். இந்த மாதிரி ஆளிடம் தோற்பது தனக்குக் கேவலமாக இருக்கிறது என்று தொமாசா குறைப்பட்டுக்கொள்கிறாள்.