விளிம்பில் தடவிய பிராந்தி

டம்ளரில் இருந்தது வெறும் சோடாதான். விளிம்பில் மட்டும் பஞ்சால் பிராந்தி தொட்டுத் தடவியிருந்தாள் தங்கை. அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் அதுதான் வழக்கம். உள்ளே இருப்பது சரக்கு என்று நம்பிக் குடிக்கிறவருக்கு, அந்த நம்பிக்கையே எவ்வளவு தூரம் தலைக்கு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சோதனை முடியும்வரை குட்டை உடைக்கக் கூடாது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா அதில் மகா கண்டிப்பு.

அன்று சோதனை அறையில் மின்விசிறி மக்கர் செய்தது. எலக்ட்ரீசியனான தன் அண்ணனையே வரவழைத்தாள். குடியை விட்டு ஒரு வருஷமாய் மனுஷனாக நடமாடிக்கொண்டிருந்த அண்ணன். டம்ளரை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்ட நினைத்தவள், சோதனைக்கு வந்தவரைக் கூப்பிடப் போன அவசரத்தில் மறந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது, காலி டம்ளரும் கையுமாக அண்ணன் ஏணியடியில் நின்றான்.

"தாகமா இருந்துச்சு. சோடான்னு நெனச்சு எடுத்தேன். வாய்கிட்ட கொண்டு போனதும் வாசனை தூக்கிடுச்சு. கீழ வச்சிருக்கணும்டி... வைக்கல. ஒரே மடக்கு."

"அண்ணே, அது..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலில் சோதனைக்கு வந்தவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தால் எல்லாம் பாழ்.

"அப்புறம் சொல்றேண்ணே. இப்ப போ."

"திட்டத்தானே போற? திட்டு. எல்லாம் போச்சு."

வராந்தா வரை ஓடிப்போய்க் காதோடு காதாக, "சோடாண்ணே" என்றிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஒருதரம் சறுக்கினவன் 'இனிமேல் என்ன இருக்கு' என்று முழுசாகக் கவிழ்ந்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியாததா? சம்பளம் வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறிக்கைகளில் அதைத்தானே டைப் அடிக்கிறாள். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த டம்ளருக்குப் பஞ்சை நனைத்தாள்.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. பேச்சில்லை, அழுகையும் அதற்குப் பின்னால் அண்ணனின் போதைக் குழறலும் மட்டும்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். "நீ என்னம்மா பண்ணுவ, பாவம்" என்று அண்ணி காபி கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, நேத்து நீ குடிச்சது சோடாதான். விளிம்புலதான் பிராந்தி தடவியிருந்தேன். உள்ள ஒரு சொட்டுகூட கிடையாது."

அண்ணன் முதலில் சிரித்தான். "சோடாவைக் குடிச்சுட்டா அழுதுக்கிட்டே கடைக்குப் போனேன்?" சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ கடை வாசல் வரைக்கும் நான் ஒழுங்காத்தான் இருந்தேனா?"

"ஆமாண்ணே."

"உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

அண்ணி அவள் கையிலிருந்த காபியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"என்னைக் குடியை விட வச்ச கவுன்சிலர்கிட்ட போகணும். நீயும் வா. நான் கடைக்குப் போனதை நான் சொல்றேன். சோடாவை நீ சொல்லு."